ஏற்காட்டுக்கு வரும் பணம் எதைக் கணக்கில் எடுக்கிறது?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார். திசு இயல்பு மாறியிருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். செலவு மிகக் குறைந்த இந்தச் சோதனை தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்குள் பரவியதன் பின்னணியில் ஒரு பன்னாட்டு நிதி ஒப்பந்தம் இருக்கிறது. உலக வங்கிக் கடனுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இதை முதலில் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோடியாக நடத்திப் பார்த்து, பிறகே மாநிலம் முழுவதற்கும் விரித்தது.

இத்தகைய ஒப்பந்தங்களில் தொகையைவிட, அது எப்போது கைமாறும் என்று சொல்லும் விதியே முக்கியம் என்று கருதுகிறேன். பழைய முறையில் ரசீதும் தணிக்கை அறிக்கையும் காட்டினால் அடுத்த தவணை வரும். 2012இல் உலக வங்கி கொண்டுவந்த முறையிலோ, முன்கூட்டி ஒப்புக்கொண்ட விளைவு எட்டப்பட்டதாகச் சரிபார்க்கப்பட்ட பிறகே, அந்த விளைவுக்கென ஒதுக்கிய தொகை விடுவிக்கப்படும். 2019இல் கையெழுத்தான, 28.7 கோடி டாலர் கடனுடைய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது.

ஆகவே விளைவு எந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அத்திட்டத்தின் அளவுகோல்களில், உயர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நோய்க் கட்டுப்பாடு மேம்பட வேண்டும் என்றும், கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரிசோதனை அதிகரிக்க வேண்டும் என்றும் இருந்தது. கட்டுப்பாடு என்றால் நோயாளி திரும்பத் திரும்ப வந்து மாத்திரை வாங்கியிருக்க வேண்டும். பரிசோதனையோ, அந்தப் பெண் மேசையிலிருந்து இறங்கியதுமே கணக்கில் ஏறிவிடுகிறது. வெளுத்த இடம் தெரிந்தால் அவர் கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்த் திசுச் சோதனை செய்ய வேண்டும்; ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் போகாமல் இருந்துவிட்டாலும் பரிசோதனை எண்ணிக்கை குறைவதில்லை. பரிசோதனையைச் சரிபார்ப்பது எளிது, சிகிச்சை முடிந்ததைச் சரிபார்க்க இரண்டு இடத்துப் பதிவேடுகளை ஒப்பிட வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் தொகையில் ஒரு பங்கையாவது சிகிச்சை முடிந்த எண்ணிக்கையுடன் பிணைப்பதே நியாயம்.

கடனல்லாத கொடைகளுக்கு வேறு இயல்பு உண்டு. 1969இல் பணி தொடங்கிய ஐ.நா. மக்கள்தொகை நிதியம் நாடுகள் விரும்பித் தரும் பணத்தில்தான் நடக்கிறது. அதில் ஒரு பகுதி நிதியமே தேவை பார்த்துச் செலவிடும் பொது நிதி. மற்றது இந்த நாட்டுக்கு, இந்தப் பணிக்கு என்று கொடையாளர் குறித்துத் தருவது. பின்னதில் நிதியத்துக்குக் கைகட்டு அதிகம்.

நிபந்தனைகள் கொடுக்கும் நாட்டின் தேர்தலையும் பின்தொடர்கின்றன. கருக்கலைப்புச் சேவையோ அதற்கான ஆலோசனையோ தரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி இல்லை என்ற அமெரிக்க விதி 1984இல் வந்தது. 1993, 2009, 2021 ஆண்டுகளில் நீக்கப்பட்டு, 2001, 2017, 2025 ஆண்டுகளில் மீண்டும் வந்தது. வாங்கும் நாட்டுக்கும் விதிகள் உண்டு. இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பணம் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதைத் தடுத்ததோடு, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெருநகர நிறுவனத்தின் வழியாகப் பணம் பெற்றுவந்த சிறிய மலைக்கிராம அமைப்புக்கு அந்த வழி அடைபட்டது.

சேலத்துக்கு வெளிநாட்டு உதவி புதிய அனுபவம் அன்று. 1980களில் டென்மார்க் அரசின் உதவியுடன் அன்றைய சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் ஒரு சுகாதாரத் திட்டம் நடந்தது. இப்படிப்பட்ட எந்த உதவியிலும் நான் முதலில் தேடுவது, திட்டக் காலம் முடிந்தபின் யார் பொறுப்பு என்ற பிரிவைத்தான். கட்டிய துணை சுகாதார நிலையம் நிற்கும். அதற்குள் ஒரு செவிலியர் இருப்பது, அவருடைய சம்பளம் எந்த ஆண்டிலிருந்து அரசின் வரவு செலவுத் திட்டத்தில் சேர வேண்டும் என்று அந்தப் பிரிவில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.