எங்கிராம்: கீறலா, தடமா?

ஒரு நினைவு மூளையில் விட்டுச்செல்லும் பருப்பொருள் மாற்றத்துக்கு எங்கிராம் என்று பெயர். மாற்றம் என்றால் நரம்பணுக்களில் உண்மையாகவே நடந்திருக்கும் மாற்றம். 1904-இல் ரிச்சர்ட் செமோன் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் ஆக்கிய சொல் இது.

வகுப்பில் இதைச் சொன்னால் மதுரைப் பையன்கள் சும்மா இருப்பார்களா? "எத்தனை கிராம் சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். கேலிதான், ஆனால் குறி தப்பவில்லை. எடைக் கிராம், டெலிகிராம், எங்கிராம் எல்லாம் ‘கிரம்மா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தவை. எழுத்து என்று பொருள். அதன் வினைச்சொல் முதலில் குறித்தது கீறுவதை. ‘என்’ என்ற முன்னொட்டு உள்ளே என்பது. ஆக, உள்ளே கீறப்பட்டது. கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று தமிழி எழுத்தில் கீறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கணக்கு சட்டென்று பிடிபடும்: ஒருமுறை கீறினால் போதும், ஓடு உள்ளவரை எழுத்தும் இருக்கும்.

அப்படியானால் தமிழில் ‘நினைவுக்கீறல்’ என்று சொல்லிவிடலாமா? ‘நினைவுப்பதிவு’ என்றும் சொல்லிப் பார்க்கலாம்; ஆனால் அதைக் கேட்டால் அஞ்சலிக் கட்டுரை ஞாபகம்தான் வருகிறது. என் ஓட்டு ‘நினைவுத்தடம்’ என்பதற்கே. காரணம் மூலக்கூறுகளில் இருக்கிறது.

பாலூட்டிகளின் மூளையில் ஒரு நரம்பிணைப்பு, அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம், பலமாகத் தூண்டப்பட்டால், செல்லின் மேலுறையில் வாசல் போல இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகள் என்ற புரதங்கள் வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. அது நொதிகளை முடுக்கிவிட, இணைப்பு வலுக்கிறது. இவ்வளவோடு நின்றால் நினைவு சில மணி நேரந்தான் தாங்கும். செய்தி செல்லின் உட்கரு வரை போய், கிரெப் என்ற புரதம் மரபணுக்களை இயக்கி, புதிய புரதங்கள் உருவானால்தான் நீண்டகால நினைவு. புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால், எலி கற்றதை அப்போதைக்கு நினைவில் வைத்திருக்கும், மறுநாள் மறந்துவிடும்.

சரி, சிக்கல் இனிமேல்தான். அந்தப் புரதங்களே சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும். நினைவு மட்டும் வருடக்கணக்கில் எப்படி நிற்கிறது? 2024-இல் வந்த ஓர் ஆய்வு, கிப்ரா என்ற புரதம் பிகேஎம் ஸீட்டா என்ற நொதியை வலுத்த இணைப்புகளிலேயே பிடித்து வைப்பதாகக் காட்டியது. பழைய மூலக்கூறு போகப் போகப் புதியது அதே இடத்துக்கு வருகிறது. சுண்டெலிகளில் இந்தப் பிடிப்பை விலக்கியபோது, முன்பே நிலைபெற்றிருந்த நினைவும் அழிந்தது.

ஓட்டில் கீறியதற்கு இந்தப் பராமரிப்பு வேண்டியதில்லை. வாடிப்பட்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் வண்டித்தடத்துக்கு வேண்டும். ஒரு மழைக்காலம் வண்டி ஓடாவிட்டால் கோரை முளைத்து மூடிவிடும். மூளையில் அந்த வேலையை, நாம் நினைத்துப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், செல்லே தன்போக்கில் செய்துகொள்கிறது.

அப்புறம், 1973-இல் பிளிஸ், லோமோ இருவரும் முயல் மூளையில் கண்டதாக அறிவித்த இணைப்பு வலுப்பெறுதலையும் சிலர் எங்கிராம் என்கிறார்கள். அது வேறு. அதை ‘நீடித்த வலுவேற்றம்’ எனலாம். தடம் உண்டாகும் வழிகளில் அது ஒன்று, தடமே அல்ல. டொனெகாவா என்ற அறிவியலாளரின் குழு 2012-இல் சுண்டெலியின் மூளையில் சில செல்கள்மீது ஒளிபாய்ச்சி, அது பயந்து உறைந்து நிற்கும்படி பழைய நினைவைத் தட்டியெழுப்பியதே, அந்தச் செல்களை ‘நினைவுத்தடச் செல்கள்’ என்று தாராளமாக எழுதலாம்.