‘முனையத் தகவல்’ என்னும் பிழையும் ‘நிலைய நிலவரம்’ என்னும் சொல்லும்

விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்வுக்கு நாகர்கோவிலில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் குறிப்பேடுகளில் ‘தானியங்கி முனையத் தகவல் சேவை’ என்ற தொடரை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சென்ற வாரம் ஒரு மாணவர், அந்தத் தொடர் குறிக்கும் விமானிகளுக்கான வானொலி ஒலிபரப்பின் மாதிரிப் பதிவு ஒன்றை இரண்டு முறை கேட்டுவிட்டு, “இது எந்த டெர்மினல்ல போடுற அறிவிப்பு, சார்?” என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழ்த் தொடர் அவருக்குக் காட்டிய படம் அதுதான்.

ஆங்கிலத்தில் இது ‘ஆட்டோமேட்டிக் டெர்மினல் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்’, சுருக்கமாக ஏடிஸ். இறங்கவோ புறப்படவோ இருக்கும் விமானி தனி அலைவரிசையில் கேட்பது இது. பயன்பாட்டிலுள்ள ஓடுதளம், காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம் ஆகியவை அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். முன்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரே பேசிப் பதிவு செய்தார். இன்று பல நிலையங்களில் கணினிக் குரல் பேசுகிறது. ஒவ்வொரு விமானிக்கும் இவற்றைத் தனித்தனியே ஓதிக்கொண்டிருந்தால் கட்டுப்பாட்டாளருக்கு வேறு வேலை ஓடாது என்பதால் வந்த ஏற்பாடு இது.

‘டெர்மினல்’ என்பதன் மூலம், எல்லை அல்லது முடிவு என்னும் பொருளுள்ள ‘டெர்மினுஸ்’ என்ற இலத்தீன் சொல். சொற்பிறப்பு இவ்வளவே. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வான்போக்குவரத்தில் ‘டெர்மினல்’ என்று அடைமொழியாக வரும்போது, வான்வழிகள் வந்து கூடும், நிலையத்தைச் சூழ்ந்த வான்பரப்பையே அது சுட்டுகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு நாம் நுழையும் கட்டடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மொழிபெயர்த்தவரோ அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார். ‘முனையம்’ என்றதும் தமிழருக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் நினைவுக்கு வரும். வானூர்தி நிலையத்தின் பயணியர் கட்டடம் வரும். அதன் பின்னால் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்ற குரலும் சேர்ந்தே வரும். குமரிக்காரனான எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: எங்களுக்கு முனை என்றால் அது குமரிமுனை, நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடம். கணினியின் டெர்மினலுக்கும் முனையம், பேருந்துக்கும் முனையம், வான்பரப்புக்கும் முனையம் என்று ஒரே சொல்லை எல்லாவற்றின் தலையிலும் கட்டுவதைச் சிலர் கலைச்சொல் ஒருமை என்கிறார்கள். எனக்கு அது சோம்பலாகவே படுகிறது.

‘முனைய’ என்பதை நீக்கினாலும் மிச்சம் சரியாகிவிடாது. ‘தானியங்கி’ என்பது கேட்பவருக்கு எதையும் உணர்த்தவில்லை; அது நிலையத்தாரின் வசதியைச் சொல்லும் சொல். ‘சேவை’யும் ஆங்கிலப் பெயரின் வால் மட்டுமே. ஏடிஸ் என்றே எழுதிவிடலாமே என்பார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தமிழ் எழுத்தில் அது டெங்குக் கொசுவின் பெயரோடு வேறுபாடின்றிப் போய்விடும். மழைக்காலத்தில் எங்கள் ஊர்ச் சுவர்களில் ‘ஏடிஸை ஒழிப்போம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து விமானி எவரும் வருந்தமாட்டார்தான். ஆயினும் ஒரு கட்டுரையில் அந்தச் சொல் தனித்து நின்று பொருள் தராது.

நான் முன்வைப்பது ‘நிலைய நிலவர ஒலிபரப்பு’ என்பதை. தகவல் என்பது எதுவாகவும் இருக்கலாம், நேற்றையதாகவும் இருக்கலாம். நிலவரம் என்பதோ இந்த நேரத்து நிலை, மாறினால் பழையது செல்லாது. தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலைப் பிச்சி விலையை வைத்துக்கொண்டு பத்து மணிக்குப் பேரம் பேசுகிறவர் எவருமில்லை. இந்த ஒலிபரப்பும் அப்படித்தான். நிலைமை குறிப்பிடத்தக்க அளவு மாறியதும் புதிய பதிவு வரும். அதற்கு ஆல்ஃபா (A), பிராவோ (B), சார்லி (C) என அடுத்த ஆங்கில எழுத்தின் வானொலிப் பெயர் சூட்டப்படும். விமானி முதன்முதலில் தொடர்பு கொள்ளும்போது அந்த எழுத்தைச் சொன்னால், அவர் கையில் இருப்பது புதிய நிலவரமா பழையதா என்று கட்டுப்பாட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும். இந்த எழுத்து எதற்கு என்று மாணவர்களுக்கு விளக்க ‘தகவல் பிராவோ’ எனக்கு ஒருபோதும் உதவவில்லை; ‘நிலவரம் பிராவோ’ என்றதும் கேள்வியே எழவில்லை.

பெயர் சரியானால் கேட்பதும் எளிதாகிறது என்பது என் அனுபவம். எங்களுக்கு அருகிலுள்ள திருவனந்தபுரம் நிலையத்தின் ஓடுதளம் 14/32; அதாவது ஒரு பக்கமாக இறங்கினால் விமானம் நோக்கும் திசை ஏறத்தாழ 140 பாகை, மறுபக்கமாக இறங்கினால் 320 பாகை. ‘விண்ட் ட்ரீ டூ ஸீரோ டிகிரீஸ், எய்ட் நாட்ஸ்’ (320 பாகை, 8 நாட் வேகம்) என்று பதிவில் வந்தால், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத்தான் அந்த 320 சொல்கிறது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று பெயரிட்ட மொழிக்கு இதில் புதுமை இல்லை. வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை எதிர்கொண்டு இறங்க 32 பொருந்தும் என்பதை, முப்பந்தல் காற்றாலைகள் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும் உச்சரிப்பது வானொலி இரைச்சலில் எண்கள் குழம்பாதிருக்கவே. நேரம் உலகப் பொதுநேரத்தில் வரும். ‘0630’ என்று கேட்டால் நம் கடிகாரத்தில் நண்பகல் 12 மணி.

வானொலியில் பேசும்போதும் தேர்வு எழுதும்போதும் ‘இன்ஃபர்மேஷன் பிராவோ’ என்ற வழக்கில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது; அது உலகம் முழுவதற்குமான உடன்பாடு. நான் திருத்துவது குறிப்பேட்டின் இடப்பக்கத்தை, மாணவர் தமக்குத் தாமே பொருள் எழுதிக்கொள்ளும் பக்கத்தை மட்டுமே.