டிரைவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்

போன வாரம் மறுபடியும் ஒரு மின்சார லோடு வண்டியை டோச்சன் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். செங்குன்றத்திலிருந்து மாதவரம் வரை, முன்னால் ஒரு டீசல் வண்டி, பின்னால் கயிற்றில் இது. சார்ஜ் தீர்ந்து நின்ற வண்டி, அவ்வளவுதான். பிளக்கில் மாட்டியிருந்தால் காலையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இழுத்து வந்ததில், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது. ஓனர் போனில் முதலில் செலவு எவ்வளவு என்று கேட்டார், அடுத்து சொன்னார்: "நம்ம டிரைவருங்களுக்கு இது செட் ஆகாது சார், அவங்களுக்கு இந்த வண்டியே பிடிக்கல."

இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பதும், புதிதாக வாங்குபவர்களின் டிரைவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும்தான் என் தொழில். நான் பார்த்தவரை, ஒழுங்காகப் பழகிய டிரைவர்களில் பெரும்பாலானவர்கள் டீசலுக்குத் திரும்பப் போக விரும்புவதில்லை. பாரிமுனையிலிருந்து கோயம்பேடு வருவதற்குள் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று குட்டியானை ஓட்டியவரைக் கேளுங்கள். சீட்டுக்கு அடியில் இன்ஜின், சித்திரை வெயில், சாயங்காலமானால் இடது முட்டியில் வலி. கிளட்சும் கியரும் இல்லாத வண்டி, லோடோடு மேம்பாலத்தில் நின்று கிளம்பினாலும் திணறாத வண்டி அவருக்கு ஏன் பிடிக்காமல் போகும்?

அவருடைய பயம் வேறு. நடுவழியில் நின்றுவிட்டால் யார் வருவார்கள், அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதுதான். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர் சார்ஜ் பாயிண்டில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் வீட்டுக் கணக்கில்தான் குறைகிறது. இன்னொன்றும் இருக்கிறது, ஓனர்கள் வெளியே பேச மாட்டார்கள். டீசலுக்கென்று தினமும் ஒரு தொகை கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு என்று சொல்லியிருப்பார்கள். சிக்கனமாக ஓட்டி அதில் தினமும் கொஞ்சம் மிச்சம் பிடித்தவர், வண்டி மாறிய அன்றே அந்த வருமானத்தை இழக்கிறார். எரிபொருள் செலவில் மிச்சமாவதெல்லாம் ஓனர் பக்கம், காத்திருப்பு டிரைவர் பக்கம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? சார்ஜ் போடும் நேரத்துக்கு ஒரு பேட்டா வையுங்கள். ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் இவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள். அதைச் செய்த இடங்களில் "பிடிக்கல" என்ற பேச்சு குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது நியூட்ரல் விஷயம். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் போட்டு உருட்டுவது நம் ஊர் டிரைவர்களின் பல வருடப் பழக்கம். கத்திப்பாரா ஆகட்டும் பாடி ஆகட்டும், உச்சியைத் தொட்டதும் கை தானாகப் போகும். டீசலில் மிச்சம் என்று குருநாதர் சொல்லிக்கொடுத்தது. மின்சார வண்டியில் இது தலைகீழ். டிரைவில் வைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டியின் வேகத்தைப் பிடித்து மோட்டார் கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் கரண்ட் இப்படித் திரும்புவது நின்றுவிடும். கீழே சிக்னலில் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள், அப்போது பிரேக் மிதித்து அத்தனையையும் சூடாக்கி வீணடிப்பீர்கள். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பாலத்திலும் ஒவ்வொரு சிக்னலிலும் சார்ஜை இழக்கிறீர்கள். சாயங்காலம் நான்கு ட்ரிப் பாக்கி இருக்கும்போது சார்ஜ் தீரும். டிரைவர் "கம்பெனிக்காரன் பொய் சொல்லிட்டான்" என்பார். ஓனர் "டிரைவருக்கு ஓட்டத் தெரியல" என்பார். இரண்டு பேருக்கும் இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் நிஜம்.

அதைவிட மோசம், சாவியையே அணைத்து உருட்டுவது. பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் கரண்டில் ஓடுகிறது. லோடோடு இறக்கத்தில் அதை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் பிரேக் பெடல் கல்லாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இந்த நியூட்ரல் நம்பிக்கைதான் டோச்சனுக்கும் காரணம். "நியூட்ரலில்தானே சார் இழுத்தோம்" என்கிறார்கள். இந்த வண்டிகளில் நியூட்ரலில் போட்டாலும் மோட்டாரும் சக்கரமும் பிரிவதில்லை. சக்கரம் சுற்றினால் மோட்டார் சுற்றும், மோட்டார் சுற்றினால் கரண்ட் உற்பத்தியாகும், வேகம் கூடக் கூட வோல்டேஜ் ஏறும், போக இடமில்லாமல் கன்ட்ரோலரைத் தாக்கும். ரோட்டோரம் ஒதுக்கக் கையால் தள்ளலாம். அதற்கு மேல் என்றால் பிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள், இல்லையென்றால் மோட்டார் இணைந்த சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி இழுங்கள்.

கிலோமீட்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் டாடா ஏஸ் ஈவி வந்தபோது ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்றார்கள். பேட்டரி 21.3 யூனிட், லோடு 600 கிலோ. 154 என்பது சோதனை முறையில் சான்றளிக்கப்பட்ட எண். முழு லோடு, மே மாத வெயில், ஜிஎஸ்டி ரோட்டில் அறுபதில் ஓட்டம் என்றால் அது வராது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் அறிவித்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு ட்ரிப் போடுங்கள் என்றுதான் ஓனர்களுக்குச் சொல்வேன். டீசல் வண்டிக்குப் போட்ட அதே ரூட்டை அப்படியே கையில் கொடுத்துவிட்டு டிரைவரைத் திட்டக் கூடாது.

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதே, பேட்டரி கெட்டுவிடும். எல்லா பேட்டரிக்கும் பொருந்தாது இது. லோடு வண்டிகளில் நிறைய வருவது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை. அதில் வோல்டேஜ் பெரிதாக ஏறி இறங்காது, அதனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடும் கருவி நாளாக நாளாகத் தடுமாறும். அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும். எண்பதிலேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டிய வண்டியில்தான் 20 காட்டிய மீட்டர் திடீரென்று 8-க்கு விழும், டிரைவருக்குக் குலை நடுங்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் சட்டம்.

மழை. இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் தூறலுக்கே ஷாக் அடிக்கும் என்று வண்டியை எடுக்க மறுப்பவர், அவருக்கு அந்தப் பயம் வேண்டாம். இன்னொருவர் சைலன்சர் இல்லை, தண்ணீர் ஏறாது என்று முழங்கால் தண்ணீரில் இறக்குபவர். பேட்டரிக்குச் சொல்லும் ஐபி67 என்ற தண்ணீர்த் தடுப்புத் தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் நல்ல தண்ணீரில், புதுப் பொருளுக்கு நடத்திய சோதனை. மூன்று வருடம் குழியில் அடிவாங்கிய பேட்டரிப் பெட்டிக்கு வேளச்சேரி வெள்ளத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது போல வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவி போடாதீர்கள், காய்ந்துவிட்டது என்று சார்ஜில் மாட்டவே மாட்டாதீர்கள். சர்வீஸ் ஆள் திறந்து பார்த்த பிறகுதான்.

உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயரை ரோட்டோர மெக்கானிக் தொடக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது. கூடுதல் லைட்டுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் கண்ட இடத்தில் வயரை வெட்டி இணைக்காதீர்கள். சத்தமே வராத வண்டி என்பதால் "ரெடி" விளக்கு எரியும்போது லோடுமேன் பின்னால் நிற்கிறாரா என்று பார்க்காமல் காலை வைக்காதீர்கள். இறங்கினால் சாவி கையில், ஹேண்ட்பிரேக் மேலே.

ஓனர்களுக்குக் கடைசியாக குடோன் விஷயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். 15 ஆம்பியர் பிளக்கில் காலியான 21 யூனிட் பேட்டரி நிரம்ப ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அத்தனை நேரமும் முழு கரண்ட் ஓடினால் மெல்லிய வயர் உருகும், எர்த் இல்லாத லைனில் ஆளைத் தூக்கும். பத்து வண்டி ஒரே ராத்திரி என்றால் முப்பது கிலோவாட்டுக்கு மேல் போகும், மின்வாரியத்தில் இணைப்பின் மின் லோடைக் கூட்டி வாங்காமல் முடியாது. அந்த விண்ணப்பத்தை வண்டி புக் பண்ணும் அன்றைக்கே கொடுங்கள். வண்டி வந்த முதல் நாள் லோடு ஏற்றாதீர்கள். டிரைவரோடு ஒரு ஆளை உட்காரவைத்து அவர் தினமும் போகும் ரூட்டிலேயே ஓட்டவிடுங்கள், எந்த இடத்தில் எத்தனை சதவீதம் குறைகிறது என்று அவரே எழுதட்டும். வண்டி நின்றால் கூப்பிட வேண்டிய ரெக்கவரி நம்பரை டேஷ்போர்டில் ஒட்டுங்கள், கூடவே "டோச்சன் கட்டாதே" என்று பெரிதாகத் தமிழில்.