மணிமாலையில் ஒளியும் கடிதம்

சிவப்பு, வெள்ளை என இரண்டு நிறப் பாசிமணி இருந்தால் போதும், எந்தச் செய்தியையும் கோத்துவிடலாம். பிரான்சிஸ் பேக்கன் 1623இல் விளக்கிய முறை இது. ஒரு மணிக்கு இரண்டு வாய்ப்பு. ஐந்து மணி சேர்ந்தால் 32 வகை. ஆங்கில எழுத்தெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே என்று மலைக்க வேண்டாம். உயிர்மெய்யைப் பிரித்துவிட்டால் உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, ஆக 31. மிஞ்சும் ஒன்று சொல் இடைவெளிக்கு. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது! உயிருக்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13, க் முதல் ன் வரை 14 முதல் 31 என்று எண் கொடுங்கள். ஐந்து மணிகளின் மதிப்பு வரிசையாக 16, 8, 4, 2, 1. சிவப்பு வரும் இடத்தின் மதிப்பைக் கூட்ட வேண்டும், வெள்ளைக்கு ஒன்றுமில்லை. ‘த்’ 20ஆவது, அதாவது 16+4. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, வெள்ளை என்று கோக்கலாம். ‘தமிழ்’ என்பதற்கு த், அ, ம், இ, ழ் என 25 மணி. 3 மில்லிமீட்டர் மணியென்றால் ஏழரை சென்டிமீட்டர்தான். கைச்சங்கிலியில் இன்னொரு சொல்லுக்கும் இடமிருக்கும். கொக்கிக்குப் பக்கத்தில் வேறு நிற மணி ஒன்றைத் தொடக்க அடையாளமாக வையுங்கள். தலைகீழாக வாசித்தால் உளறல்தான் மிஞ்சும்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேக்கன் இதே முறையில் செய்தி ஒளித்திருக்கிறார் என்று நம்பிய ஒரு குழுவில் 1916இல் வேலைக்குச் சேர்ந்தவர் எலிசபெத் ஃப்ரீட்மன். அந்த நம்பிக்கை பொய்த்தது. ஆனால் அங்கே சங்கேதக் கலை பழகியவர், இரண்டாம் உலகப்போரில் தென் அமெரிக்காவிலிருந்த நாஜி ஒற்றர்களின் செய்திகளை உடைத்தார். 1918இல் அவர் கணவர் எடுக்கவைத்த குழுப்படம் ஒன்றில், சிலர் கேமராவைப் பார்க்கிறார்கள், சிலர் முகம் திருப்பியிருக்கிறார்கள். ‘அறிவே ஆற்றல்’ என்ற ஆங்கில வாசகத்தை மனிதர்களையே மணிகளாக்கிக் கோத்திருக்கிறார்! கடைசி எழுத்துக்குத்தான் ஆள் போதவில்லை.

இந்த முறையின் பலமெல்லாம் யாரும் சந்தேகப்படாதவரைதான். எந்த ஐந்து மணிக் கூட்டு அடிக்கடி வருகிறது என்று எண்ணினாலே பூட்டு திறந்துவிடும். இதைத் தடுக்க, ஒரு சங்கேதத்தை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். 1944 மே மாதம் நார்மண்டியில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் ஒற்றர் ஃபிலிஸ் லாட்டூர், சங்கேதங்கள் எழுதிய பட்டுத்துணியைத் தலைமுடி கட்டும் நாடாவுக்குள் மறைத்திருந்தார். ஒரு சங்கேதத்தைப் பயன்படுத்தியதும் அதில் ஊசியால் குத்திவிடுவார். மறுபடி அதைத் தொடமாட்டார்.

மணிக்கும் அதே பாதுகாப்பைத் தரலாம். ஒவ்வொரு பாசிமணிக்கும் ஒரு முறை நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்று இரண்டு சீட்டில் எழுதி, ஒன்றைத் தோழியிடம் கொடுங்கள். பூ விழுந்த இடத்தில் நிறத்தை மாற்றிக் கோத்துவிடுங்கள். அவர் அதே இடங்களில் திருப்பி மாற்றி வாசிப்பார். அடுத்த மாலைக்குப் புதிய சீட்டு வேண்டும்.