ஃபியூக், கானன்: துரத்தும் இசைக்கும் முறைவைத்த இசைக்கும் தமிழில் என்ன பெயர்?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் சி மைனர் ஃபியூகை முதன்முதலில் ஒலிப்பதிவில் கேட்டபோது பியானோ முன் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். வாசித்தவர் ஒருவர்தான். இங்கே குரல் என்பது தொண்டையில் வருவது இல்லை, தனித்து ஓடும் ஒரு மெட்டின் இழை. நடுக்குரல் ஒரு சின்ன மெட்டைச் சொல்கிறது, இரண்டே பார் (தாளச் சுற்று) நீளம். அது முடிந்த கையோடு மேல்குரல் அதே மெட்டை எடுத்துக்கொள்கிறது. அதற்காக நடுக்குரல் வாயை மூடிக்கொள்வதில்லை, வேறு ஏதோ பேசியபடி கூடவே போகிறது. ஏழாவது பாரில் கீழ்க்குரலும் அதே மெட்டோடு கனமாக உள்ளே வருகிறது. என் காதோ மேலே கேட்கும் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தவறவிட்டது. பல நாள் கேட்டும் இதே கதைதான். ‘ஃபியூக்’ என்றால் என்ன பொருள் என்று தேடிப் பார்த்த பிறகுதான் எதைக் கேட்க வேண்டும் என்பதே புரிந்தது.

ஃபியூக் என்பது லத்தீனின் ‘ஃபூகா’விலிருந்து வருகிறது. ஃபூகா என்றால் ஓட்டம், அதிலும் தப்பி ஓடும் ஓட்டம். லத்தீனில் இதற்குப் பக்கத்திலேயே இரண்டு வினைகள் உண்டு. ‘ஃபுகெரே’ என்றால் தப்பி ஓடு. ‘ஃபுகாரே’ என்றால் ஓடவை, விரட்டு. தமிழில் ஓடு, ஓட்டு என்று தன்வினையும் பிறவினையும் ஒட்டி நிற்கின்றனவே, ஏறக்குறைய அந்த மாதிரி. ஓடுகிறவன், ஓட்டுகிறவன் இருவருமே அந்தச் சொல்லின் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ரெஃப்யூஜி இதே வேரில் வந்தது. பள்ளியில் மையவிலக்கு விசை என்று படிக்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரான சென்ட்ரிஃபியூகலுக்குள் இருப்பதும் இந்த ஃபூகாதான். மனநல மருத்துவத்தில் ஒருவர் தன் பெயரையும் ஊரையும் மறந்து எங்கோ கிளம்பிப் போய்விடும் நிலைக்கும் ஃபியூக் என்றே பெயர். அதற்கும் இசைக்கும் தொடர்பில்லை. அந்த மனிதர் தன்னையே விட்டு ஓடுகிறார் என்பதால் வந்த பெயர் அது.

இசையில் ஓடுவது ஒரு மெட்டு. முதல் குரல் அதைச் சொல்லிவிட்டு முன்னே ஓடுகிறது, அடுத்த குரல் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. இதைத் தொடரோட்டத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் தொடரோட்டத்தில் குச்சியைக் கொடுத்தவர் நின்றுவிடுவார், ஃபியூகில் யாரும் நிற்பதில்லை.

இனி கானன். கிரேக்கத்தில் ‘கனோன்’ என்றால் நேரான கோல். ‘கன்னா’ என்ற நாணலின் பெயரிலிருந்து வந்தது. வளையாத நாணல் அளவுகோல் ஆயிற்று, அளவுகோல் விதி ஆயிற்று. இந்தப் பொருள் மாற்றம் நமக்குப் புதிதில்லை. ‘கோல்’ என்ற ஒரே சொல் நமக்கு அளவுகோலும் ஆனது, நீதிக்குச் செங்கோலும் ஆனது, அநீதிக்குக் கொடுங்கோலும் ஆனது. கனோன் அரபிக்குப் போய் ‘கானூன்’ ஆயிற்று. சட்டத்தை இந்தியில் கானூன் என்று சொல்வது அதனால்தான். பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்த இசைச்சொல்லும் காதுக்கு ஒன்றாக ஒலிப்பதும் தற்செயல் இல்லை. நாணலின் குழாய் வடிவம் பீரங்கிக்குப் போனது, அதன் நேர்மை விதிக்குப் போனது. கரும்பைக் குறிக்கும் நம் ‘கன்னல்’ ஞாபகம் வந்து இரண்டையும் முடிச்சுப்போட ஆசை எழும். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர் சொல்லக்கூடாது, அந்த ஆசையை விட்டுவிடுவோம்.

விதிக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு? இந்தச் சொல்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கானன் என்பது பாட்டின் பெயரே இல்லை. பாட்டின் மேல் எழுதிவைக்கும் ஒரு வரிக் குறிப்புக்குத்தான் அந்தப் பெயர். இசையமைப்பாளர் ஒரே ஒரு மெட்டை மட்டும் எழுதிவிட்டு, அதிலிருந்து மற்றதை எப்படிப் பெற வேண்டும் என்று மேலே ஒரு விடுகதை போடுவார். அந்த விடுகதைதான் கானன், அதாவது விதி. இசையமைப்பாளரின் எண்ணத்தைச் சற்று மறைபொருளாகக் காட்டும் விதி என்று அந்தக் காலத்து இசை அறிஞர் டிங்டோரிஸ் இலக்கணமே வகுத்திருக்கிறார். அதே நூற்றாண்டு இசையமைப்பாளர் டூஃபாயின் திருப்பலி இசை ஒன்றில் இப்படி ஒரு வரி உண்டு: நண்டு முழுதாகப் போகட்டும், பாதியாகத் திரும்பட்டும். நண்டு பின்னோக்கி நடப்பதாகக் கருதப்படும் பிராணி. ஆகவே மெட்டை முதலில் கடைசியிலிருந்து முன்னுக்கு முழு நீளத்தில் பாட வேண்டும், அப்புறம் நேராகப் பாதி நீளத்தில் பாட வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள்.

அப்படியென்றால் ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராகப் பாடுவதற்கு அப்போது என்ன பெயர்? ஃபூகா! இன்று கானன் என்கிறோமே, அதைத்தான் அன்று ஃபூகா என்றார்கள். காலப்போக்கில், மேலே எழுதிய விதியின் பெயர் கீழே இருந்த பாட்டுக்கு வந்துவிட்டது. இடத்தை இழந்த ஃபூகா நகர்ந்துபோய், அதைவிடச் சுதந்திரமான வேறொரு வடிவத்துக்குப் பெயரானது. இரண்டு சொற்களும் இப்படி வீடு மாறியதால்தான் பழைய ஏடுகளைப் படிப்பவர்களுக்கு இன்றும் தடுமாற்றம் வருகிறது.

இன்றைய பொருளில் வேறுபாடு இதுதான். கானனில் பின்னால் வரும் குரல் முன்னால் போன குரலைத் தொடக்கம் முதல் முடிவு வரை அப்படியே பின்பற்ற வேண்டும், சொந்தமாக எதுவும் பேச முடியாது. ஃபியூகில் அந்தக் கட்டாயம் கருவுக்கு, அதாவது முதலில் வரும் அந்தச் சின்ன மெட்டுக்கு மட்டும்தான். கருவைச் சொல்லி முடித்த குரல் பிறகு தன் வழியில் போகலாம். கரு முதலில் ச-வில் வந்தால் அடுத்த குரல் ப-வில் பதில் சொல்வது வழக்கம். பழந்தமிழ் இசைப் பெயர்களில் சொன்னால், குரலில் கேட்டதற்கு இளியில் பதில். ‘குரல்’ என்பது அங்கே முதல் சுரத்தின் பெயர் என்பதால் இந்த வாக்கியத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. முடிவு நெருங்கும்போது ஒரு குரல் கருவை முடிப்பதற்குள்ளேயே அடுத்தது குறுக்கே புகுந்துவிடும். இத்தாலியில் இதற்கு ‘ஸ்ட்ரெட்டோ’ என்று பெயர், பொருள் ‘நெருக்கம்’. தமிழில் நெருக்கு என்றாலே போதும். பாஹின் 48 ஃபியூக் தொகுதியின் முதல் ஃபியூகில், சி மேஜரில், 27 பார்களுக்குள் கரு 24 தடவை வருகிறது. இங்கே நெருக்கு முடிவு வரை காத்திருப்பதில்லை, ஏழாவது பாரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். கானனுக்கு நான் சொல்ல விரும்பும் சொல் முறையிசை. விவிலியத்தில் ஏற்கப்பட்ட நூல்களின் வரிசையையும் கானன் என்பார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதைத் திருமுறை என்கிறார்கள், பின்னர் சேர்ந்த நூல்கள் இணைத்திருமுறை. ஆக, கானனுக்கு ‘முறை’ என்பது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் இணைதான். ஆனால் அதற்காக மட்டும் நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முறை என்றால் விதி, நீதி. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்கிறது குறள். முறை என்றால் ஒருவர் பின் ஒருவராக வரும் வரிசை. ஊரில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம், “இப்ப உன் முறை” என்போம். முறை என்றால் உறவும்தான். “அவர் உனக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்காத வீடு உண்டா? கானனில் இந்த மூன்றும் இருக்கின்றன. விதி இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக வருவது இருக்கிறது, முன்குரலுக்கும் பின்குரலுக்கும் இடையே ஒரு சுர உறவு இருக்கிறது. அந்த உறவு அதே சுரமாக இருக்கலாம், மூன்றாம் சுரமாகவோ ஐந்தாம் சுரமாகவோ இருக்கலாம். கிரேக்கச் சொல்லே இவ்வளவு சொல்வதில்லை.

பாஹ் 1747இல் பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்குக்கு எழுதி அனுப்பிய இசைக்காணிக்கையில் ஒரு நண்டுக் கானன் இருக்கிறது. ஒரே மெட்டை ஒருவர் முதலிலிருந்தும் இன்னொருவர் கடைசியிலிருந்தும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். இதற்கு நாம் சொல் தேடவே வேண்டாம், மாலைமாற்று இருக்கிறது. ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்று தொடங்கும் சம்பந்தர் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. அந்தப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. பாட்டில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் படிக்க முடியும், கானனில் இரண்டு திசையும் சேர்ந்தே ஒலிக்கும் என்பது மட்டும் வித்தியாசம். அதே காணிக்கையில் இன்னொரு கானனுக்கு விடையை எழுதாமல், ‘தேடுங்கள், கண்டடைவீர்கள்’ என்ற பொருளில் லத்தீன் வரி ஒன்றை மட்டும் பாஹ் எழுதிவைத்தார். அந்தப் பழைய விடுகதை வழக்கம் அவர் காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறது.

ஃபியூகுக்கு முதலில் ‘ஓட்டிசை’ என்றுதான் நினைத்தேன். ஃபுகெரே, ஃபுகாரே இரண்டுக்கும் அவ்வளவு பொருத்தம். ஆனால் இன்று ‘ஓட்டு’ என்றால் வாக்குச்சாவடிதான் கண்ணில் நிற்கிறது. ‘பின்தொடரிசை’ பொருளில் சரி, ஆனால் அதில் அவசரம் இல்லை. ‘துரத்திசை’ என்பதில் வந்து நின்றேன். அது ஊறுகாய் போல ஒரு வினைத்தொகை. துரத்திய இசை, துரத்துகிற இசை, துரத்தும் இசை என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. சி மைனர் ஃபியூகில் மேல்குரல் உள்ளே வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நடுக்குரல் கருவைச் சொல்லிவிட்டது, மேல்குரல் சொல்லிக்கொண்டிருக்கிறது, கீழ்க்குரல் சொல்லப்போகிறது. மூன்று காலமும் ஒரே கணத்தில். முதலில் போகும் குரலை லத்தீனில் தலைவன் என்றும் பின்னால் வருவதைத் துணை என்றும் சொல்வார்கள். தமிழில் ‘முன்னோடி’ என்ற அழகான சொல் இருக்கும்போது தலைவன் எதற்கு? பின்னால் வருவதைப் ‘பின்னோடி’ என்று சொல்லிவிடலாம், கேட்டவுடன் புரியும். பேச்சில் ஃபியூக் என்றும் கானன் என்றும் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. புதிதாகக் கேட்கிறவருக்கு எடுத்துச் சொல்லும்போது மட்டும் இந்தச் சொற்களைப் பயன்படுத்திப் பாருங்கள், பாதி விளக்கம் தானாக முடிந்துவிடும்.

பாஹின் காலத்து இசையைக் குறிக்கும் ‘பரோக்’ என்ற பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பரோக்கோ’ என்று போர்ச்சுகீசியர்கள் சொன்னது உருண்டையாக அமையாத கோணல் முத்தை, நம் ஆணிமுத்துக்கு நேர் எதிரானதை. 16ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு அவர்கள் கையில்தான் இருந்தது. 1734இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோவின் ஓபரா (இசைநாடகம்) பிடிக்காத ஒருவர் இச்சொல்லை வசையாக இசைமேல் வீசினார். பின்னால் 1600 முதல் 1750 வரையிலான இசைக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பரோக் என்றே இருக்கட்டும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? எல்லோருக்கும் தெரிந்த பாகெல்பெல் கானனிலிருந்தே தொடங்கலாம். 1968இல் பாயார் இசைக்குழுவின் ஒலிப்பதிவு வந்த பிறகுதான் அது உலகம் முழுக்கப் பரவியது. கல்யாண வீடியோக்களில் ஒலிக்கும்போது அதன் எட்டுச் சுரக் கீழ்க்குரல்தான் எல்லோர் மனதிலும் பதிகிறது. ஆனால் அது கானனே இல்லை, 28 தடவை திரும்பத் திரும்ப வரும் அடித்தளம். முறையிசை மேலே இருக்கும் மூன்று வயலின்களில் நடக்கிறது, இரண்டு பார் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவது வயலினை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், வேறு பாட்டாகத் தெரியும்.

துரத்திசைக்கு, ஹெல்முட் வால்ஹா 1956இல் நெதர்லாந்தின் அல்க்மார் தேவாலய ஆர்கனில் பதிவு செய்த, பாஹின் ‘ஃபியூக் கலை’ என்ற தொகுப்பைச் சொல்வேன். வால்ஹா இளம் வயதிலேயே பார்வை இழந்தவர். ஏட்டைப் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு குரலையும் பிறர் தனித்தனியாக வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து, பிறகு எல்லாவற்றையும் தன் கைகளிலும் கால்களிலும் சேர்த்தார். நமக்கும் அதுதான் வழி. நான்கு குரல் என்றால் நான்கு தடவை கேட்க வேண்டும், தடவைக்கு ஒரு குரல். ஐந்தாவது தடவை எல்லாம் சேர்ந்து கேட்கும். சிலருக்கு ஆர்கனைவிட நான்கு வயலின் வகை வாத்தியங்கள் வாசிக்கும் பதிவு எளிதாக இருக்கும், ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு இடத்திலிருந்து வருவதால்.

முறையிசைக்கு பாஹின் கோல்ட்பர்க் மாறுபாடுகள், ஒரே அடித்தளத்தின் மேல் அமைந்த 30 மாற்று வடிவங்கள். 1955இல் 22 வயது பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் நியூயார்க்கில் பதிவு செய்தது வேகமும் துள்ளலும் உள்ளது. 1981இல் அவரே மறுபடி வாசித்தது நிதானமானது, குரல்களைப் பிரித்துக் கேட்க எனக்கு அதுதான் உதவியது. 30 மாறுபாடுகளில் 27ஆவது வரை ஒவ்வொரு மூன்றாவதும் கானன். 3ஆவதில் பின்னோடி அதே சுரத்தில் வரும், 6ஆவதில் இரண்டாம் சுரத்தில், 9ஆவதில் மூன்றாம் சுரத்தில் என்று உறவு விலகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் ‘இவர் அவருக்கு என்ன முறை?’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். மற்ற எல்லாக் கானனிலும் இரண்டு குரலுக்கு அடியில் துணைக்கு ஒரு கீழ்க்குரல் நடந்துகொண்டிருக்கும். 27ஆவதில் பாஹ் அதையும் எடுத்துவிடுகிறார். முன்னோடியும் ஒன்பதாம் முறையில் பின்னோடியும் மட்டும், கூட வேறு யாரும் இல்லை.