எங்கே ஒளிஞ்சே?

கார்த்திகை, மார்கழியில் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளிடம் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பேன். "கண்ணாமூச்சி ஆடினீங்களா? நீ எங்கே ஒளிஞ்சே?" டாக்டர் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று அம்மாக்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பிள்ளை சொல்கிற பதில் சில சமயம், ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பாதி நோயைச் சொல்லிவிடும்.

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்துதான் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை தாண்டி வாய்க்கால், வாய்க்கால் கரை முழுக்கக் காட்டாமணக்கு. சாட் பூட் த்ரீ போட்டு, பட்டவன் தூணில் முகத்தைப் புதைத்து எண்ண ஆரம்பித்ததும் மற்றவர்கள் சிதறி ஓடுவது இந்த இடங்களுக்குத்தான்.

ஒரு பையன் வந்தான், ஏழு வயது இருக்கும். ஒரு வாரமாகக் காய்ச்சல், தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கு என்று பயந்து தூக்கி வந்திருந்தார்கள். அதற்குள் வேறு இடத்தில் கொடுத்த ஆன்டிபயாடிக் எதுவும் கேட்கவில்லை. எங்கே ஒளிஞ்சே என்று கேட்டதும் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "வாய்க்காங்கரைப் புதருக்குள்ள" என்றான். சட்டையைக் கழற்றி அக்குளைப் பார்த்தேன். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள், ஆனால் மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. புதர், உயரமான புல், எலி நடமாடும் வரப்பு ஆகிய இடங்களில் இருக்கும் ஒரு வகைச் சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாத அளவு. கடித்து 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால், வீட்டில் யாரும் இரண்டு வாரத்துக்கு முந்தைய விளையாட்டை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் நம் பக்கம் அதிகம் பார்க்கிறோம். டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும்.

அந்தப் பொருக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்காது. இருந்தாலும் தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், பிட்டம் என்று மறைவான இடத்தில்தான் இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீண்டால் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் நிற்க வைத்து உடம்பு முழுக்கப் பாருங்கள். புதர்ப் பக்கம் ஆடிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும், போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள்.

அந்தப் பையன் பதில் சொல்லுமுன் அம்மாவை ஏன் பார்த்தான்? வாய்க்கால் பக்கம் போகக் கூடாது என்று ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறான். இதுதான் என் வேலையில் பெரிய சிக்கல். நல்ல ஒளிவிடம் என்பது ரகசியம். அண்ணனுக்கே சொல்ல மாட்டார்கள், டாக்டருக்குச் சொல்வார்களா? அது போகக் கூடாத இடமாகவும் இருந்துவிட்டால், ஏதாவது கடித்தால்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். "முள்ளு குத்திடுச்சு" என்பார்கள். முள் என்று சொல்லப்பட்ட செந்தேள் கொட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் ஜில்லென்று ஆகி, நெஞ்சு படபடக்க வந்து சேரும். பிரசோசின் என்ற மாத்திரையை இதற்குப் பயன்படுத்தலாம் என்று மகாராஷ்டிராவின் மஹாட் ஊரில் டாக்டர் பவாஸ்கர் காட்டிய பிறகு, முன்பெல்லாம் கைவிட்டுப் போன குழந்தைகள் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். முள் குத்தியது என்று வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பாம்பும் அப்படியே. வைக்கோல் போர் இப்போது குறைந்துவிட்டது, இயந்திரத்தில் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். இருந்தாலும் மாடு வைத்திருக்கும் வீட்டில் போர் உண்டு. அறுவடை முடிந்தால் வீட்டிலும் களத்திலும் நெல் இருக்கும். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியில்லை. கடித்த இடமே தெரியாமல் போகலாம். பொதுவாக இரவில்தான் நடமாடும். கரண்ட் போன ராத்திரியில் பிள்ளைகளுக்குக் கண்ணாமூச்சி ஆசை வருவதுதான் கவலை. ஆடிவிட்டு வந்த பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லி, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் தூக்கக் கலக்கம் என்று படுக்கப் போடாதீர்கள். நேராக மருத்துவமனை. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். என்ன பாம்பு என்று அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பாட்டிலா?" என்று பதறும் தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை: பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை, அதனால் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவேதான் குழந்தைக்கும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. நல்ல முடிவு. ஆனால் பிள்ளை வீட்டிலேயே சொல்லாவிட்டால் அந்தக் கணக்கில் எங்கிருந்து ஏறும்?

டெல்டாவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. விதைநெல்லில் வண்டு விழாமல் இருக்க மூட்டைகளுக்கு நடுவே மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷவாயு வெளியேறும். வண்டைக் கொல்வதும் அதுதான், மனிதரைக் கொல்வதும் அதுதான். பயிற்சி பெற்றவர்கள் மூடிய கிடங்கில் மட்டும் பயன்படுத்த வேண்டிய சரக்கு இது. ஆனால் "நாலு மாத்திரை குடுங்க" என்று யாரிடமோ வாங்கி வந்து, படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருக்கும் மூட்டைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை ஒளிய அதைவிட நல்ல இடம் வீட்டில் உண்டா? இருட்டு, மூட்டை, மேலே தார்ப்பாய்.

அண்ணனும் தங்கையும் ஒரு மாலை வாந்தியோடு வந்தார்கள். இரண்டு பேருக்கும் தலைவலி, நெஞ்சு இறுக்கம். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் கெட்டுவிட்டது என்று வீட்டார் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால் அதே தயிர்சாதத்தைத் தின்ற பாட்டி வாசல் திண்ணையில் நன்றாகத்தான் இருந்தார். எங்கே ஒளிஞ்சீங்க என்றதும் தங்கைதான் சொன்னது: "நெல்லு ரூம்ல. பூண்டு நாத்தம் அடிச்சுது." உடனே தீவிர சிகிச்சைக்கு அனுப்பிவிட்டோம், பிழைத்தார்கள். பாஸ்பீனுக்கு முறிவு மருந்து எதுவும் கிடையாது. இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்து உடம்புக்கு அவகாசம் வாங்கித் தருவது ஒன்றுதான் நாங்கள் செய்ய முடியும். அழுகிய மீன் அல்லது பூண்டு வாசனை வந்தால் பிள்ளைகளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். வாசனை வராவிட்டால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை. மனிதர்கள் தூங்கும் கூரையின் கீழ் அந்த மாத்திரை இருக்கவே கூடாது என்பது என் கருத்து. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது.

நெல் பற்றிய பேச்சிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் பத்தாயம் இருந்தால் மேல்கதவைப் பூட்டுங்கள். நெல்லுக்குள் மார்பு வரை இறங்கிவிட்ட பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கவே திணறும், கையைப் பிடித்து இழுத்தாலும் லேசில் வராது. அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்து மூட்டை அடுக்கு, நிறுத்தியிருக்கும் டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் அடியிலும் பிள்ளைகள் படுத்துக்கொள்கிறார்கள். டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து, குனிந்து பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

மூடிக்கொள்ளும் பொருள்கள் தனி ரகம். அமெரிக்காவில் குழந்தைகள் ஒளிந்து விளையாடும்போது ஃபிரிட்ஜுக்குள் மாட்டி இறந்ததால், உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று 1956-ல் சட்டமே போட்டார்கள். அதனால்தான் இன்றைய ஃபிரிட்ஜ் கதவில் தாழ்ப்பாளுக்குப் பதில் காந்தப் பட்டை இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இரும்பு டிரங்குப் பெட்டி, வெளியே கொக்கி போட்ட பீரோ, கடை ஓரத்தில் கிடக்கும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் உண்டு. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, பிள்ளை உட்காரும் அளவுள்ள ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதை உள்ளேயிருந்து திறக்க முடியுமா? முடியாதென்றால் பூட்டுங்கள், அல்லது கதவைக் கழற்றிப் போடுங்கள்.

கார் இந்த வகையில் சேர்ந்ததுதான், ஆனால் அடைபட்டு மூச்சு முட்டுவதைவிட வெயில் முந்திக்கொள்ளும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் பெரிதாகப் பயன் இல்லை. சின்ன உடம்பு, பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பிள்ளை பின் சீட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும். சைல்டு லாக் போட்டிருந்தால் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. அதனால் இதைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே சொல்லிக்கொடுங்கள்: மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குத் தாவு, முன்கதவைத் திற, முடியாவிட்டால் ஹாரனை விடாமல் அமுக்கு. சாவி இல்லாமலே பல கார்களில் ஹாரன் அடிக்கும். உங்கள் கார் அடிக்கிறதா என்று இன்றே பாருங்கள். மற்றபடி, வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுங்கள், சாவியை ஆணியில் எட்டும்படி மாட்டாதீர்கள்.

"அப்போ விளையாடவே விடாதீங்கன்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று ஒரு அப்பா கொஞ்சம் கோபமாகவே கேட்டார். இல்லவே இல்லை. போனை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து எடை ஏறி வரும் பிள்ளைகளையும் நான்தான் பார்க்கிறேன். ஓடுவது, மூச்சடக்கிக் காத்திருப்பது, அடுத்தவன் எப்படி யோசிப்பான் என்று கணக்குப் போடுவது எல்லாம் இந்த ஆட்டத்தில் இருக்கிறது. திண்ணைத் தூண், கதவு மறைவு, மாமரம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் (கைப்பிடிச் சுவர் இருந்தால்) என்று ஒளிய இடமா இல்லை?

என் பயம் ஆட்டத்தின் ஒரு விதியைப் பற்றியது. கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. நன்றாக விளையாடும் பிள்ளை, அம்மா பெயர் சொல்லிக் கத்தினாலும் மூச்சுக் காட்டாது, அதையும் பட்டவனின் தந்திரம் என்றே நினைக்கும். ஆகவே ஆட்டத்துக்கு வெளியே ஒரு சொல் வேண்டும். சில வீடுகளில் "டைம் பிளீஸ்" என்று பிள்ளைகளே வைத்திருக்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் அதைச் சொன்னால் எங்கிருந்தாலும் வெளியே வர வேண்டும், வந்தால் அவுட் கிடையாது. சாப்பாட்டுக்குக் கூப்பிட அதைப் பயன்படுத்தி ஏமாற்றினீர்களானால் இரண்டாம் நாளே அந்தச் சொல் செத்துவிடும்.

அந்தச் சொல்லுக்கும் பதில் இல்லையா, தேடலைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடை வரை வந்துவிட்டால், நேற்று வரை காய்ந்து கிடந்த மதகுக் குழாய்க்குள் இன்று தண்ணீர் பாயும். போன வாரம் அதற்குள் ஒளிந்த பிள்ளைக்கு அது தெரியாது. வாய்க்கால், குளம், கிணறு, மூடாத சம்ப், செப்டிக் டேங்க். அடுத்து கார்கள், உங்களுடையது மட்டுமல்ல, தெருவில் நிற்கும் எல்லாமே. அதற்குப் பிறகு பெட்டி, பீரோ, நெல் அறை. உறவினர் வீட்டுக்குப் போயிருப்பான் என்று போன் போடுவதெல்லாம் கடைசியில், அல்லது வேறு ஒருவர் செய்யட்டும். காரிலிருந்து எடுத்த பிள்ளை மயக்கமாக இருந்தால் நிழலில் கிடத்தி, துணியை அவிழ்த்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருக்கும் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டைவிடக் கல்யாண மண்டபத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். பத்து ஊர்ப் பிள்ளைகள், வரிசையாகக் கார்கள், பின்னால் ஜெனரேட்டர், சமையல்கட்டில் கொதிக்கும் அண்டா. எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளை சித்தியோடு இருக்கிறது என்று நினைப்பார். கூட்டத்தில் பெரிய பிள்ளை ஒன்றைப் பிடித்து, ஆட்டம் ஆரம்பிக்கும்போதே தலையை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு பந்தி எழும்போதும் அந்தப் பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள்.