மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஏன் உப்புப் பூக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா காலத்து மாட்டுக் கொட்டகையை வீடும் ஆபீஸுமாக மாற்றினோம். கருங்கல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். அதன்மேல் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தோம். ஒரே மழைக்காலத்தில் இடுப்பளவு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. வாஸ்து பார்த்தவர் வாசலை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

வாசல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கோளாறு பூச்சில் இருக்கிறது.

உங்கள் சேர்வராயன் மலையின் கருங்கல்லான சார்னகைட் பாறை தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. உறிஞ்சுவது கல்லுக்கு இடையே உள்ள சாந்து. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றம்தான். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும். 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுமார் 1.5 செ.மீ. ஏறுகிற நீர், 0.01 மி.மீ. ஆரத்தில் 1.5 மீட்டர் ஏறிவிடும். சாந்தில் இதைவிட நுண்ணிய துளைகளும் உண்டு. கணக்குப்படி பழைய சுவரெல்லாம் கூரைவரை நனைந்திருக்க வேண்டும்.

அப்படி நனையாததற்குக் காரணம் ஆவியாதல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கீழிருந்து ஏறும் நீரும் பக்கவாட்டில் ஆவியாகும் நீரும் சமமாகிற உயரத்தில் ஓதம் நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தாராளமாக வெளியே விடும். அதனால் ஓதம் முழங்காலைத் தாண்டாமல் இருந்திருக்கும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைக்கின்றன. நீர் வெளியேற இடம் தேடி மேலே போகிறது. தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரையடி ஈரமும் சுவருக்கே வந்து சேரும்.

உப்பு எங்கிருந்து வந்தது? மாடுகளிடமிருந்து! கோமியத்திலுள்ள யூரியாவை மண் பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட் உப்பாக மாற்றுகின்றன. முற்காலத்தில் வெடியுப்பு எடுத்ததே இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான். பல தலைமுறையாக மாடுகளைக் கட்டி வைத்த தரையில் அது நிறைய இருக்கும். நீரோடு கரைந்து ஏறி, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகும். சுவரின் மேற்பரப்பில் படிந்தால் துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் படிந்தால், வளரும் படிகம் துளைகளை அழுத்திப் பிளந்து பூச்சையே தள்ளிவிடும்.

சிமென்ட்டை ஓதக் கோட்டுக்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக் கொத்தி எடுங்கள். வெளிப்புறம் சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றி, மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்பு பூசிச் சுண்ணாம்பே அடியுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி அது மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். அதற்கு லேசான ஈரப்பதம் வேண்டும், மலைக்காற்று உதவும். சில வருடத்தில் உப்பேறி உதிரத்தான் செய்யும். தான் உதிர்ந்து சுவரைக் காப்பதே அதன் வேலை. உதிர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் போதும்.

கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, எந்தக் கலவை எந்த மண்ணுக்குத் தாங்கும் என்று அளந்து பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். வாசலை இடித்துக் கட்டும் செலவைவிட அது எவ்வளவோ பயனுள்ளது.

கம்ப்யூட்டர் மேசையையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள். அவற்றின் பின்னாலும் காற்று ஓட வேண்டும்.